‘தகுதி’ என்னும் சொல்லும் கௌதள்ளியின் தமிழும்: ஆய்வு நல்கை அறிவிப்புகளின் மொழி குறித்த ஒரு திறனாய்வு

0. முன்னுரை

ஆய்வு நல்கை அறிவிப்பு என்பது பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் ஆண்டுதோறும் வெளியாகும் ஒரு பனுவல் வகை. அதனை நிருவாகத்தாரின் பனுவலாகவே அறிஞர்கள் கருதி வந்துள்ளனர். மொழியியல் ஆய்வுக்குரிய தரவாக அது பெரும்பாலும் கொள்ளப்படவில்லை. ஆயினும் ஒரு துறையில் எவர் ஆய்வாளராவர், எப்பொருள் ஆய்வுப்பொருளாகும் என்பனவற்றைத் துறைசார் கோட்பாடுகளுக்கு முன்பே இவ்வறிவிப்பின் சில தொடர்கள் முடிவு செய்துவிடுகின்றன. அத்தொடர்களின் சொற்பொருளையும் அமைப்பையும் ஆராய்ந்து, ஆய்வுப் பணியின் தொடக்கத்தில் நிற்போரை அவை எவ்வாறு உள்ளேற்கின்றன, எவ்வாறு விலக்குகின்றன என்பதைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். அறிவிப்புகளின் மொழியைச் சோதித்துப் பார்ப்பதற்குரிய களமாகக் கர்நாடகத்தின் கௌதள்ளி கொள்ளப்படுகிறது. எடுத்துக்காட்டாகத் தரப்படும் தொடர்கள் எந்த ஓர் அறிவிப்பிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. வழக்கிலுள்ள அமைப்பைக் காட்டும் மாதிரிகள்.

1. கொடையைக் குறிக்கும் சொற்கள்

ஆய்வாளருக்கு வழங்கப்படும் பணத்தைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன: உதவித்தொகை, நல்கை, மானியம், புலமைப்பரிசில். இவை ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றினும் ஒவ்வொன்றும் கொடுப்போனுக்கும் பெறுவோனுக்கும் இடையே வெவ்வேறு உறவைக் கற்பிக்கின்றது. ‘உதவித்தொகை’ பெறுவோனை இல்லாதவனாகக் காட்டுகிறது. ‘மானியம்’ வரி நீங்கிய நிலக்கொடையின் நினைவை உடையது. ‘நல்கை’ நல்குதல் என்னும் வினையடியாகப் பிறந்து, அருளும் அன்பும் கலந்த கொடையைச் சுட்டுகிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘புலமைப்பரிசில்’ புரவலர்–புலவர் மரபை நேரே நினைவூட்டுகிறது.

கன்னடத்தில் மாணவருக்குரிய தொகை ‘வித்யார்த்தி வேதன’ எனப்படுகிறது. வேதன என்பது ஊதியம். கற்றலை உழைப்பாகவும் தொகையைக் கூலியாகவும் காணும் நோக்கு அச்சொல்லிலேயே உள்ளது. தமிழில் வழங்கும் நான்கு சொற்களுள் ஒன்றேனும் இப்பொருளைத் தரவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வாளர் தொகை 2023 சனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலை ஆய்வாளர் தொகை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. முழுநேரமும் ஆய்வில் ஈடுபட வேண்டும் என்னும் கட்டுப்பாட்டுடன் ஐந்தாண்டு வரை வழங்கப்படும் இத்தொகை, செயலளவில் ஊதியமே. அதனை ‘உதவி’ எனப் பெயரிட்டு அழைக்கும்போது காலம் தாழ்த்தல் பிழையாகத் தோன்றுவதில்லை. கேட்பவனே இரப்பவனாகத் தோன்றுகிறான். சங்க இலக்கிய மரபு கூடப் பரிசில் தாழ்த்த வேந்தனிடம் அதனைக் கேட்டு நிற்கும் நிலையைப் ‘பரிசில் கடாநிலை’ எனத் தனித்துறையாக்கி மதித்தது என்பது இங்கு எண்ணத்தக்கது.

2. ‘தகுதி’: ஒரு சொல், மூன்று பொருள்

ஆங்கில அறிவிப்புகளில் ‘எலிஜிபிலிட்டி’, ‘குவாலிஃபிகேஷன்’, ‘மெரிட்’ என மூன்று சொற்கள் மூன்று வேறு கருத்துகளுக்கு வழங்குகின்றன. முதலாவது விண்ணப்பிக்கும் உரிமை. இரண்டாவது பெற்ற பட்டமும் பயிற்சியும். மூன்றாவது ஒப்பீட்டில் வெளிப்படும் திறம். தமிழ் மொழிபெயர்ப்பில் மூன்றும் ‘தகுதி’ ஆகின்றன. பின்வரும் மாதிரியைக் காண்க.

(1) தகுதியுடையோர் தம் கல்வித் தகுதிச் சான்றுகளுடன் விண்ணப்பிக்கலாம். தேர்வு தகுதியின் அடிப்படையில் அமையும்.

ஒரே தொடரில் மூன்று இடங்களில் வரும் ஒரு சொல் மூன்று பொருள் தருகிறது. இம்மயக்கம் பொருள் விளக்கத்தில் மட்டும் நின்றுவிடுவதில்லை. வயது கடந்தமையால் விண்ணப்பிக்க இயலாத ஒருவர் ‘தகுதியற்றவர்’ எனப்படும்போது, அவர் திறமற்றவர் என்னும் பொருளும் உடன் ஒலிக்கிறது. ஒரு நாள்காட்டிக் கணக்கு ஒருவரின் அறிவு குறித்த தீர்ப்பாக மாறிவிடுகிறது.

இலங்கையின் அரசு மொழிவழக்கு இம்மயக்கத்தை ஓரளவு தவிர்த்துள்ளது. அங்குப் பட்டமும் பயிற்சியும் ‘தகைமை’ எனப்படுகின்றன. ‘கல்வித் தகைமை’ அங்கே இயல்பான தொடர். கன்னடமும் ‘வித்யார்ஹதெ’ என்னும் தொகைச்சொல்லால் கல்விசார் பொருளைத் தனியே பிரித்துக்கொள்கிறது. தகு என்னும் வினையடி தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவானது. தமிழில் அதிலிருந்து தகவு, தகைமை, தகுதி, தக்கார் எனப் பல வடிவங்கள் கிளைத்துள்ளன. வேறுபடுத்திக் கூறத் தேவையான சொற்கள் மொழியில் உள்ளன. அறிவிப்பின் மொழியே அவற்றைப் பயன்கொள்ளவில்லை.

எவருக்குக் கற்பிக்கலாம் என்னும் வினா தமிழ் இலக்கண மரபுக்குப் புதியதன்று. கங்கர் மரபினனாகிய சீயகங்கனின் வேண்டுகோளால் பவணந்தி இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், பாடம் கேட்டற்குரியோரை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் ஆசிரியனின் மகனும் அரசனின் மகனும் பெரும்பொருள் கொடுப்போனும் உளர். வழிபாடு செய்வோனும், உரைத்ததைக் கொள்ளும் ஆற்றல் உடையோனும் உளர். பிறப்பு, பொருள், பணிவு, அறிவு ஆகிய நான்கும் அங்கு ஒளிவின்றித் தனித்தனியே கூறப்பட்டுள்ளன. இக்கால அறிவிப்போ எல்லாவற்றையும் ‘தகுதி’ என்னும் ஒரே சொல்லுள் அடக்குகிறது. பழைய நூலின் அளவுகோல்களை ஏற்க இயலாது. எனினும் எது எந்த அளவுகோல் என்பதை அது மறைக்கவில்லை.

3. இளமையும் தொடக்கமும்

‘ஏர்லி கரியர்’ என்னும் ஆங்கிலத் தொடர் பணிவாழ்வின் ஒரு கட்டத்தைக் குறிப்பது. தமிழில் அது பெரும்பாலும் ‘இளம் ஆய்வாளர்’ என்று பெயர்க்கப்படுகிறது. கட்டம் வயதாகிவிடுகிறது. செம்மொழித் தமிழுக்கு வழங்கப்பெறும் ‘இளம் அறிஞர் விருது’ 30 முதல் 40 வயது வரையுள்ளோருக்கு உரியது; அங்கு ‘இளம்’ என்பது பொருத்தமான பெயரே. வயதை அளவாகக் கொள்ளாத ஒரு நல்கைக்கும் இதே அடைமொழி தரப்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. நாற்பத்து மூன்று வயதில் முனைவர் பட்டம் பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் ‘இளம் ஆய்வாளர்’ என்னும் தலைப்பைக் கண்டவுடனே அறிவிப்பை மடித்து வைத்துவிடக்கூடும். விதி அவரை விலக்கவில்லை, மொழிபெயர்ப்பு விலக்கிவிட்டது.

வயது வரம்பைக் கூறும் தொடர்களிலும் தெளிவின்மை மிகுதி.

(2) அ. 30 வயதுக்கு உட்பட்டவர்
ஆ. 30 வயதைக் கடக்காதவர்
இ. 30 வயது நிறைவடையாதவர்

முப்பது ஆண்டும் ஐந்து மாதமும் உடைய ஒருவர் (இ)-இன்படி விலக்கப்படுவது உறுதி. (ஆ)-இன்படி அவர் நிலை ஐயத்திற்குரியது. முப்பத்தொன்று பிறக்கும் வரை முப்பதைக் ‘கடக்கவில்லை’ என்று வாதிட இடமுண்டு. (அ) இரு வகையாகவும் பொருள்படும். தமிழர் பேச்சுவழக்கில் ‘முப்பது நடக்கிறது’ என்பதும் ‘முப்பது முடிந்தது’ என்பதும் வேறு வேறு. நடப்பு வயதைக் கூறும் மரபும் முடிந்த வயதைக் கூறும் மரபும் ஒருங்கே உள்ள ஒரு சமூகத்தில் (அ), (ஆ) போன்ற தொடர்கள் ஓர் ஆண்டின் வேறுபாட்டை உண்டாக்கவல்லவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வாளர் தேர்வுக்கான பொது வயது வரம்பு 2018-இல் 28-இலிருந்து 30 ஆக உயர்த்தப்பட்டபோது பலருக்கு வாழ்வு மாறியது. இரண்டாண்டுக்கு அத்துணை மதிப்பிருக்குமாயின் ஓராண்டு மயக்கம் சிறு பிழையாகாது.

வயதை அளவாகக் கொள்ளுதல் தவிர்க்கவியலாதது அன்று. 2007-இல் நிறுவப்பட்ட ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் தொடக்கநிலை நல்கை, விண்ணப்பிப்போரின் பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல் முனைவர் பட்டம் பெற்ற நாளிலிருந்து கணக்கிடுகிறது. தாயாகிய ஆய்வாளருக்குக் குழந்தை ஒன்றுக்கு 18 மாதம் அக்கணக்கிலிருந்து நீட்டிப்பு உண்டு. இந்திய முறையில் பெண்களுக்கும் பட்டியல் இனத்தார், பழங்குடியினர், பிற பிற்பட்டோர் முதலியோருக்கும் இளநிலை ஆய்வாளர் தேர்வில் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. இது நன்று. ஆயினும் தளர்வு என்னும் சொல்லே அடிப்படை அளவு வயதுதான் என்பதை உறுதிசெய்கிறது. தாமதமாகக் கல்லூரி புகுந்த முதல் தலைமுறை மாணவரின் ஆய்வுப்பருவம் முப்பதில் முடிவதில்லை, தொடங்குகிறது.

4. ஆய்வுப்பொருளின் தகுதி

இதுவரை ஆய்வாளரின் தகுதி பேசப்பட்டது. ஆய்வுப்பொருளுக்கும் தகுதி வரையறை உண்டு என்பது அறிவிப்புகளில் வெளிப்படையாகக் கூறப்படுவதில்லை. அதனை அறியக் கௌதள்ளி உதவுகிறது.

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேசுவர மலைக்குச் செல்லும் வழியில் உள்ள ஊர் கௌதள்ளி. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969-இல் நிறுவப்பட்ட மைசூரிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பக்கூடிய தொலைவு. கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநில மறுசீரமைப்பால் மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. மைசூர் மாவட்டத்திலிருந்து 1997-இல் பிரிக்கப்பட்ட சாமராசநகர் மாவட்டத்தில் இன்று அப்பகுதி அடங்கும். ஊர்ப்பெயரின் ஈறு தமிழ்ப் ‘பள்ளி’க்கு நேரான கன்னட ‘ஹள்ளி’. பகரம் ஹகரமாகும் கன்னட ஒலிமாற்றமும் (பால் – ஹாலு, பெயர் – ஹெசரு) பின்னர் ஹகரம் தேய்தலும் அப்பெயரில் ஒருங்கே காணக் கிடைக்கின்றன. தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கும் நிலம் அது. சுற்றியுள்ள மலைகளில் சோலிகர் வாழ்கின்றனர். அவர்தம் பேச்சைக் கன்னடத்தின் கிளைமொழி என்பாரும் தனிமொழி என்பாரும் உளர்.

இத்தகைய இடத்தின் மதிப்பு மொழியியலார்க்கு விளக்க வேண்டுவதன்று. மகாராட்டிர–கர்நாடக எல்லையிலுள்ள குப்வார் என்னும் ஒரே சிற்றூரைப் பற்றிச் ஜான் கம்பர்சும் இராபர்ட் வில்சனும் 1971-இல் வெளியிட்ட கட்டுரை, உருது, மராத்தி, கன்னடம் ஆகியவற்றின் தொடரமைப்பு எவ்வாறு ஒன்றையொன்று நெருங்குகிறது என்பதைக் காட்டி, மொழித்தொடர்பு ஆய்வின் போக்கையே மாற்றியது. கௌதள்ளியின் தமிழும் அத்தகைய வினாக்களை எழுப்பத்தக்கது: வினைகள் கடன்வாங்கப்படும் முறை யாது? மேற்கோள் கிளவி எம்மொழியின் அமைப்பைப் பின்பற்றுகிறது? மாநில எல்லை மாறிய பின் பிறந்த தலைமுறையின் உறவுமுறைச் சொற்கள் யாவை?

இவ்வினாக்களுடன் ஓர் ஆய்வாளர் நல்கை தேடிப் புறப்படுகிறார் எனக் கொள்வோம். செம்மொழித் தமிழுக்கான நிதி, கி.பி. 600 வரையுள்ள இலக்கியத்தை மையமாகக் கொண்டது. பேச்சுத்தமிழ் அதன் எல்லைக்குள் வாராது. கன்னடம் 2008-இல் செம்மொழியாக அறிவிக்கப்பட்டது. அதன் நிதியும் தொன்மை நோக்கியதே. அழிவின் விளிம்பிலுள்ள மொழிகளைக் காக்க நடுவண் அரசு 2013-இல் தொடங்கிய திட்டம், 10,000 பேருக்குக் குறைவாகப் பேசப்படும் மொழிகளுக்கு உரியது. தமிழ் கோடிக்கணக்கானோர் பேசும் மொழியாதலின் அங்கும் இடமில்லை. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனத்தின் எல்லைக்குள் இயற்கை அறிவியலும் பொறியியலும் முழுமையாக அடங்குகின்றன. கலையியலும் சமூக அறிவியலுமோ அறிவியல் தொழில்நுட்பத்தைத் தொடும் இடைமுகங்கள் அளவிலேயே இடம்பெறுகின்றன. கௌதள்ளிப் பேச்சைப் பதிவு செய்து கணினிக்கு ஊட்டினால் அது இடைமுகம்; ஒரு பாட்டியுடன் திண்ணையில் அமர்ந்து கேட்டு இலக்கணம் எழுதினால் அது இடைமுகமாகுமா என்பது ஐயம்.

ஆகவே மிகப் பழைமையான தமிழுக்கு நிதியுண்டு; மிகச் சிறிய மொழிக்கு நிதியுண்டு; பெருமொழியொன்றின் விளிம்பில், வேறொரு பெருமொழியின் நடுவில், இன்று வழங்கும் பேச்சுக்குரிய பெட்டி இல்லை. ஒவ்வொரு விதியும் தன்னளவில் நியாயமானது. அவற்றின் இடைவெளிகள் ஒன்றுகூடும் இடத்தில் கௌதள்ளி நிற்கிறது. மொழியே அழிவிலில்லை என்பது உண்மையாயினும் அதன் குறிப்பிட்ட வழக்கு அழியக்கூடும். எண்ணிக்கையை மொழிப்பெயர் கொண்டு அளக்கும் முறை இவ்வேறுபாட்டைக் காணாது. 2011 கணக்கெடுப்பில் தனித்துக் காட்டப்பட்ட 121 மொழிகளும் 10,000-க்கு மேற்பட்ட பேசுவோரைக் கொண்டவை. பல தாய்மொழிகள் அவற்றின் கீழ்த் தொகுக்கப்பட்டன. படகர் மொழி கன்னடத்தின் கீழ் அடங்கியது. தொகுப்பின் தலைப்பில் இடம்பெறாத பேச்சு, நிதிக்கான விண்ணப்பத்திலும் தன் பெயரை எழுத இயலாது.

5. பெயரும் சான்றும்

ஆய்வாளர் வெளியிலிருந்து வருபவர் என்னும் எண்ணமும் அறிவிப்புகளில் உறைந்துள்ளது. அப்பகுதியிலேயே பிறந்த சோலிகர் இளைஞர் ஒருவர் தம் மொழியை ஆராய விரும்பினால் அவர்முன் நிற்பவை யாவை?

முதலாவது, பெயர். பழங்குடிப் பட்டியலில் தமிழ்நாட்டில் ‘சோளகா’ என்னும் பெயர் உள்ளது; கர்நாடகப் பட்டியலில் ‘சோளகா’, ‘சோலிகரு’ என இரண்டும் தனித்தனிப் பதிவுகள். ளகரமும் லகரமும் மாறியொலிக்கும் ஒரு பெயரின் வடிவங்கள் சான்றிதழில் இரு சமூகங்களாக நிற்கின்றன. மாநிலம் கடந்து குடிபெயர்ந்தோரின் பட்டியல் உரிமை புதிய மாநிலத்தின் சலுகைகளுக்குத் தொடராது என்பது 1990-இல் உச்சநீதிமன்றம் கண்ட முடிவு. மலையின் இருபுறமும் உறவினர் வாழும் ஒரு சமூகத்தில் எப்புறம் பிறந்தார் என்பது எந்த மாநிலத்தின் உதவித்தொகை கிட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது, தேர்வின் மொழி. தேசியத் தகுதித் தேர்வில் மொழிப்பாடங்கள் தத்தம் மொழியில் அமைகின்றன. பொதுத்தாளும் மொழியியல் தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உள்ளன. கன்னடவழி பயின்று, வீட்டில் சோலிகர் மொழியும் சந்தையில் தமிழும் பேசும் ஒருவர், மும்மொழியறிவைத் தம் ஆய்வின் முதலாகக் கொண்டிருந்தும் நான்காவது மொழியொன்றில் தேர்வெழுதியே மொழியியலாளராக வேண்டும். முதுகலையில் 55 விழுக்காடு, தளர்வுடன் 50 விழுக்காடு என்னும் விதி அவரது மதிப்பெண்ணை அளக்கும். மும்மொழியறிவை அளக்கும் கட்டம் விண்ணப்பத்தில் இல்லை.

மூன்றாவது, படிநிலை. ஆய்வியல் நிறைஞர் பட்டம் நெடுங்காலம் இத்தகையோருக்கு ஓராண்டுப் பயிற்சிப் படியாக இருந்தது. 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகளால் அது நீக்கப்பட்டது. நடுவண் பல்கலைக்கழகங்களில் தகுதித் தேர்வின்றி முனைவர் ஆய்வாளருக்குத் தரப்படும் 8,000 ரூபாயை நிறுத்த 2015 அக்டோபரில் எடுக்கப்பட்ட முடிவு மாணவர் போராட்டத்தால் கைவிடப்பட்டது. ஆனால் அத்தொகை மைசூர்ப் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களில் பயில்வோருக்கு இல்லை. கௌதள்ளிக்கு அண்மையில் உள்ள பல்கலைக்கழகம் எதுவோ அதுவே அவருக்கு எட்டும் பல்கலைக்கழகம்.

6. மொழிபெயர்ப்பாளரின் கடமை

நிதி குறைவு, விண்ணப்பங்கள் மிகுதி. ஆகவே ஏதேனும் ஒரு வரம்பு வேண்டும் என்பர். இது மறுக்கவியலாதது. வரம்பில்லா அறிவிப்பு, தேர்வுக்குழுவின் விருப்பத்திற்கு எல்லாவற்றையும் விட்டுவிடும். எழுதப்பட்ட விதி எளியோருக்குப் பாதுகாப்பு. எனவே இத்திறனாய்வு விதி நீக்கத்தை வேண்டவில்லை. விதியின் மொழி தான் கூறுவதை மட்டும் கூற வேண்டும் என்பதே வேண்டுகோள்.

விதியை மாற்றும் அதிகாரம் மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. சொல்லைத் தெரிவு செய்யும் அதிகாரம் உண்டு. அவ்வகையில் சில பரிந்துரைகள் கூறலாம். முதலாவதாக, விண்ணப்பிக்கும் உரிமையை ‘விண்ணப்ப உரிமை’ எனவும், பட்டத்தைக் ‘கல்வித் தகைமை’ எனவும், ஒப்பீட்டுச் சிறப்பைத் ‘திறம்’ எனவும் பிரித்தல் தகும். இரண்டாவதாக, பணிக்கட்டத்தைக் குறிக்குமிடத்துத் ‘தொடக்கநிலை ஆய்வாளர்’ என்றும், வயதைக் குறிக்குமிடத்து மட்டும் ‘இளம் ஆய்வாளர்’ என்றும் வழங்குதல் வேண்டும். மூன்றாவதாக, வயது வரம்பை நாளால் கூறுதல் நன்று. இன்ன நாளில் அல்லது அதற்குப் பின் பிறந்தவர் என்று எழுதினால் (2)-இல் கண்ட மயக்கம் முற்றிலும் நீங்கும். நான்காவதாக, ‘வேண்டும்’ என்னும் ஒரே முற்று கட்டாயத்தையும் விருப்பத்தையும் சேர்த்துக் கூறுகிறது. இன்றியமையாதன, விரும்பத்தக்கன என்னும் பகுப்பு அலுவலகத் தமிழில் முன்பே உள்ளது. அதனைத் தொடர்தோறும் பேணுதல் வேண்டும்.

இவற்றுக்கு மேலாக, ஆய்வுப்பொருளுக்குரிய எல்லையை அறிவிப்பிலேயே வெளிப்படையாகக் கூறுமாறு நிறுவனங்களைக் கேட்பது மொழியியலாரின் கடமை. பெருமொழிகளின் விளிம்பு வழக்குகளுக்குச் சிறிய அளவிலேனும் தனி ஒதுக்கீடு தேவை. ஒரு கோடைக்காலக் களப்பணிக்கும் ஒலிப்பதிவுக்கும் ஆகும் செலவு, பெருந்திட்டங்களின் கணக்கில் மிகச் சிறிது.

7. முடிவுரை

நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றாகக் குழூஉக்குறியைக் கூறினார்: ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் அறிந்து வழங்கும் சொல். நல்கை அறிவிப்பின் மொழி இன்று அத்தகைய குழூஉக்குறியாக உள்ளது. பெற்றவருக்கும் பெற்றவரின் மாணவருக்கும் அது விளங்கும். பழைய பாணர் தாம் பெற்ற பெருவளத்தைப் பெறாதவருக்கு எடுத்துரைத்து வழிப்படுத்தினர். பத்துப்பாட்டில் பாதி நூல்கள் அவ்வகை ஆற்றுப்படைகள். எவ்வழிச் செல்வது, எங்கே தங்குவது, வாயிலில் எவர் நிற்பார் என்பன யாவும் அங்குக் கூறப்பட்டன. அறிவிப்பு எழுதுவோரும் அதனைத் தமிழாக்குவோரும் அந்தப் பணியைச் செய்யத் தவறினால், கௌதள்ளியின் இருமொழிப் பேச்சு ஆராய்வோரின்றியே அடுத்த தலைமுறையில் வேறொன்றாக மாறிவிடக்கூடும். அப்போது அதனை ஆராய நிதி கிடைக்கலாம். கேட்டு எழுதுவதற்குரிய பேச்சு அங்கே இராது.